ஆகாய விமானத்தின் முதற் சுழற்சி

பெற்றோல் இயந்திரம் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் ஆற்றல் இல்லாதது. நீராவி இயந்திரத்திற்கு இக்குறை கிடையாது. கொதிகலத்தில் ஆவி திரண்டு நிற்குமாயின், குழாயைத் திறந்ததும் அது ஆடுதண்டைத் தள்ளும், சில்லு சுழலும். பெற்றோல் இயந்திரமோ முதலிற் காற்றையும் பெற்றோல் ஆவியையும் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதை நெருக்க வேண்டும். நெருக்கிய கலவையில் தீப்பொறி பாய வேண்டும். அப்பொழுதுதான் வெடிப்பு உண்டாகிச் சக்தி பிறக்கும். உறிஞ்சுவதற்கும் நெருக்குவதற்கும் வேண்டிய சக்தியை முன்னே நிகழ்ந்த வெடிப்பே கொடுத்து உதவுகின்றது. ஆனால் முதல் வெடிப்புக்கு முன்னே வேறு வெடிப்பு ஏது? அந்த முதற் சுற்றுக்கான சக்தியை வெளியிலிருந்து எவரேனும் கடனாகக் கொடுத்தேயாக வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரத்தை, சில்லிலே கயிற்றைச் சுற்றி இழுத்துத் தொடக்கிய கமக்காரர் எவருக்கும் இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கயிறு சிலவேளை எதிர்ப்பக்கமாக வெட்டி இழுத்துக் கையை நோகச் செய்வதையும் அவர் அறிவார். முன்னாளில் மோட்டார் வண்டியின் முகப்பிலே கைப்பிடியைச் செருகிச் சுழற்றிய சாரதிகள், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கும்படி புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர். கைப்பிடி எதிர்த்தடித்தாற் பெருவிரல் முறியாமல் தப்பும் என்பதே அதன் காரணம். பழைய ஆகாய விமானங்கள் பெரும்பாலானவற்றில் இழுக்கக் கயிறும் இல்லை, செருகக் கைப்பிடியும் இல்லை. முன்னாலே நிற்பது விசிறி. அதைத்தான் கையாற் பிடித்துச் சுழற்ற வேண்டும். இயந்திரம் உயிர்பெற்ற மறுகணமே அதே விசிறி வாள்போலச் சுழலத் தொடங்கும். விமான இயந்திரங்களைத் தொடக்கிய முறைகளின் வரலாறு, அந்த விசிறியின் அருகில் நின்ற மனிதனை அங்கிருந்து அகற்றுவதற்கு நடந்த முயற்சியின் வரலாறு என்று கூறினும் தவறாகாது.

1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவிலே றைற் சகோதரர் முதன்முதற் பறந்தபோது, விமானியின் பின்புறத்தில் இரண்டு விசிறிகள் இருந்தன. இரண்டும் சங்கிலிகளால் ஒரே இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. இருவர் ஆளுக்கொரு விசிறியைப் பிடித்து ஒருங்கே இழுத்து இயந்திரத்தைத் தொடக்கினர். பறக்கும்போது தீப்பொறிக்கு வேண்டிய மின்னை இயந்திரத்தோடு இணைந்த சிறு மின்னாக்கி கொடுத்தது. ஆயின் நின்ற நிலையிலிருந்து தொடக்குவதற்கு அது போதாது. ஆகவே உலர் மின்கலங்களும் கம்பிச் சுருளும் அடங்கிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இணைத்தனர். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அப்பெட்டியைக் கழற்றி எடுத்து நிலத்திலேயே விட்டனர். பாரத்தை ஆகாயத்திற்குக் கொண்டு செல்லாதே, தொடக்குவதற்கு மட்டும் வேண்டிய பொருளை நிலத்தில் விட்டுச் செல் என்னும் இக்கொள்கை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு விமானத் துறையை ஆண்டது. மோட்டார் வண்டிகளுக்கு மின்சாரத் தொடக்கி 1912ஆம் ஆண்டளவிலேயே வந்துவிட்டது. விமானங்கள் அதை உடனே ஏற்றுக்கொள்ளாமைக்குக் காரணம் அறியாமையன்று. ஈயத் தகடுகள் நிறைந்த பற்றரியின் பாரமே காரணம்.

இனி, தீப்பொறியின் கதையைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். அதை அறியாமல் ஏனைய முறைகளின் காரணம் விளங்காது. பழைய விமான இயந்திரங்களில் தீப்பொறியைத் தருவது மக்னெற்றோ என்னும் கருவி. நிலைக்காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றுக்கொன்று எதிரே சுழல, சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. தக்க கணத்தில் இரு தொடுமுனைகள் பிரிந்து அந்த ஓட்டத்தைத் துண்டிக்கின்றன. அப்பொழுது இரண்டாவது சுருளில் பல்லாயிரம் வோல்ற்று அளவான மின் எழுந்து, உருளையினுள்ளே தீப்பொறியாகப் பாய்கின்றது. இதற்குப் பற்றரி வேண்டியதில்லை. இயந்திரம் சுழலும்வரை தீப்பொறி உண்டு. ஆகாயத்தில் மின்சாரம் முழுவதும் பழுதடைந்தாலும் இயந்திரம் நில்லாது. இன்றும் பல சிறு விமானங்களில் மக்னெற்றோ இருப்பது இந்த நற்குணத்தினாலேயே.

ஆனால் இதனிடம் இரண்டு குறைகள் உள. சுழற்சி மெதுவானால் மின்னும் மெலிவடைகின்றது. மனிதன் கையால் விசிறியைச் சுழற்றும் வேகத்தில் நல்ல தீப்பொறி பிறப்பதில்லை. இது முதற் குறை. மற்றையது இதனினும் பொல்லாதது. வேகமாக ஓடும் இயந்திரத்தில் கலவை எரிந்து முடிவதற்குச் சிறிது நேரம் வேண்டுமாதலால், ஆடுதண்டு உச்சிக்கு வருவதற்கு 25 அல்லது 30 பாகை முன்னதாகவே தீப்பொறி விழும்படி அமைத்திருப்பார்கள். மெதுவாகச் சுழற்றும்போதும் அதே இடத்திலேயே பொறி விழுமாயின், ஆடுதண்டு உச்சியை அடையுமுன்னரே வெடிப்பு அதைக் கீழே தள்ளிவிடும். விசிறி எதிர்ப்பக்கமாகத் திரும்பி அடிக்கும். நீரிறைக்கும் இயந்திரத்தின் கயிறு கையை வெட்டி இழுத்தது இவ்வாறேதான். ஆயின் அங்கே கையில் இருந்தது கயிறு. இங்கே ஆளுயரத்திற்கும் மேற்பட்ட மரவிசிறி.

இவ்விரு குறைகளையும் ஒரே வில்லாற் போக்கிய சிறிய சாதனம் ஒன்று உண்டு. விமானப் பொறியியலில் இதனைப் போலச் சிறியதும் இதனைப் போல உயிர்களைக் காத்ததும் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. மக்னெற்றோவுக்கும் அதைச் சுழற்றும் தண்டுக்கும் நடுவிலே பலமான சுருள்வில் ஒன்று வைக்கப்படுகின்றது. மெதுவாகச் சுழலும்போது சிறு நாக்கு ஒன்று மக்னெற்றோவைத் தடுத்து நிறுத்துகின்றது. தண்டு மட்டும் தொடர்ந்து திரும்ப, வில் முறுகுகின்றது. ஆடுதண்டு உச்சிக்கு வரும் கணத்தில் நாக்கு விலகுகின்றது. முறுகிய வில் மக்னெற்றோவை வெடுக்கெனச் சுழற்றிவிடுகின்றது. அந்த ஒரு கண வேகத்தில் நல்ல தீப்பொறி பிறக்கின்றது. பொறி தாமதித்து விழுவதால் விசிறி எதிர்த்தடிப்பதும் இல்லை. இயந்திரம் வேகம் பெற்றதும் நாக்கு சுழற்சியின் விசையால் வெளியே ஒதுங்கிவிட, மக்னெற்றோ வழக்கம்போல் இயங்குகின்றது. விசிறியைக் கையாற் திருப்பும்போது ‘கிளிக்’ என்று கேட்கும் ஓசை இந்த வில் விடுபடும் ஓசையே. அனுபவமுள்ள இயந்திரவினைஞர் அவ்வோசைக்குக் காதைக் கொடுத்தே விசிறியைத் திருப்புவர். அது கேளாவிட்டால் தொடக்கும் முயற்சியை நிறுத்திவிடுவர்.

பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனம் 1931ஆம் ஆண்டு முதன்முதற் பறக்கவிட்ட ரைகர் மொத் என்னும் இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானத்தைக் கையாற் தொடக்கும் முறையை, இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நான்கு உருளைகள் தலைகீழாகத் தொங்கும் ஜிப்சி மேஜர் இயந்திரம் அதிற் பொருத்தப்பட்டிருந்தது; வலு 130 குதிரை. ஆரம்பத்தில் இவ்விமானத்திற்குச் சில்லுத் தடைகள் இல்லாமையால், சில்லுகளின் முன்னே மரக்கட்டைகளை வைத்த பின்னரே வேலை தொடங்கும். விமானி ஆசனத்தில் இருப்பார். இயந்திரவினைஞர் விசிறியின் முன்னே நிற்பார். முதலிற் காபரேற்றரில் பெற்றோல் நிரம்பிச் சொட்டும்வரை அதன் சிறு முனையை அழுத்தி வைப்பார். பின்னர் உரத்த குரலிற் கூறுவார்: “சுவிச்சுகள் அணைவு! பெற்றோல் திறப்பு! உறிஞ்சுகின்றேன்!” விமானி ஒவ்வொன்றையும் சரிபார்த்து, கேட்டதை அவ்வாறே திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்லாத விமானிக்காக எந்த வினைஞரும் விசிறியைத் தொடக்கூடாது என்பது விதி. விசிறி நான்கு முறை மெதுவாகத் திருப்பப்படும். உருளைகள் கலவையை உறிஞ்சிக்கொள்ளும். அதன் பின்னர் வினைஞர் “கொன்ராக்ட்!” என்பார். விமானியும் “கொன்ராக்ட்!” என்று மறுமொழி கூறிச் சுவிச்சை மேலே தள்ளுவார். இச்சுவிச்சுகள் ஆசனத்தின் உள்ளே அல்லாமல் விமானத்தின் வெளிப்பக்கத்திற் பொருத்தப்பட்டிருந்தமை கவனித்தற்குரியது. விசிறியின் முன்னே நிற்பவர் விமானியின் சொல்லை மட்டும் நம்பாமல் தம் கண்ணாலும் காண வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்தனர்.

விசிறியைப் பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. விரல்களை மடக்கி விளிம்பைப் பற்றக்கூடாது. உள்ளங்கையையும் விரல்களையும் தட்டையாக வைத்து இழுத்துவிட வேண்டும். இழுக்கும்போது உடலின் பாரம் விசிறியை நோக்கிச் சாயாமல் விசிறியிலிருந்து விலகும்படியாகக் காலை வைக்க வேண்டும். சால்வை, தொங்கும் மேலங்கி, தளர்ந்த கழுத்துப்பட்டி எவையும் கூடாது. நிலத்தில் ஈரப் புல்லோ எண்ணெயோ இருத்தலும் ஆகாது. இவை யாவும் பலருடைய கைகளாலும் சிலருடைய உயிர்களாலும் கற்றுக்கொள்ளப்பட்ட பாடங்கள். உறிஞ்சிய பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப்போனாலும் இயந்திரம் எழாது. அப்பொழுது சுவிச்சை அணைத்து, காற்றுவாயிலை முழுவதும் திறந்து, விசிறியை எதிர்ப்பக்கமாகப் பல முறை திருப்பி மிகுந்த கலவையை வெளியேற்றிய பின்னரே மறுபடி தொடங்க வேண்டும். குளிர்ந்த காலையில் இரண்டு மூன்று வினைஞர்கள் மாறி மாறி இழுத்துக் களைப்பதும் உண்டு.

சுவிச்சு அணைந்திருந்தாலும் விசிறியை நம்பக்கூடாது என்று அக்காலத்து ஆசிரியர்கள் ஓயாது வற்புறுத்தினர். வீட்டு விளக்கின் சுவிச்சு மின் வரும் வழியைத் துண்டிக்கின்றது. கம்பி அறுந்தால் விளக்கு அணையும். மக்னெற்றோவின் சுவிச்சு இதற்கு நேர்மாறானது. அதை அணைத்தால் மக்னெற்றோவின் மின் விமானத்தின் உலோக உடலுக்குப் பாய்ந்து வீணாகின்றது; அதனாற் தீப்பொறி பிறப்பதில்லை. ஆகவே சுவிச்சுக்குச் செல்லும் கம்பி எங்கேனும் அறுந்திருந்தால், சுவிச்சு எந்த நிலையில் இருப்பினும் மக்னெற்றோ விழித்தேயிருக்கும். முன்னைய பறப்பின் சூடு தணியாத இயந்திரத்தில், உருளைக்குள் சிறிது கலவை எஞ்சியிருக்க, ஒருவர் விசிறியைக் காரணமின்றி அசைத்தாலும் அது எழுந்துவிடலாம். விமானக் கொட்டகைகளில் இவ்வாறு நேர்ந்த விபத்துகள் பல. ஆசனத்தில் ஒருவருமின்றித் தனியாளாக விசிறியைச் சுழற்றப்போய், எழுந்த விமானம் ஆளில்லாமலே ஓடித் திரிந்த செய்திகளும் உண்டு. கேட்பவர்க்கு அது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். அருகில் நின்றவர்க்கு அவ்வாறு தோன்றியிராது.

முதலாம் உலகப் போர் தொடங்கியபோது விமான இயந்திரங்கள் பல இன்னும் சிறியவையாகவே இருந்தன. பிரான்சு நாட்டின் நோம், லெ றோன் போன்ற சுழல் இயந்திரங்களில் தண்டு அசையாது நிற்க, உருளைகளே விசிறியோடு சேர்ந்து சுற்றின. ஆமணக்கெண்ணெயே அவற்றிற்கு உயவு. எரிந்தும் எரியாமலும் வெளியே தெறித்த அவ்வெண்ணெயை நாள்தோறும் சுவாசித்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. போர் முடியுமுன்னரே, றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் ஈகிள் போன்ற பன்னிரண்டு உருளை இயந்திரங்கள் வந்துவிட்டன. இவற்றை ஒருவர் தனியே சுழற்றுதல் அரிது. மூவர் கைகோத்து நின்று, முதலாமவர் விசிறியைப் பிடிக்க, மற்றையோர் சங்கிலிபோல் அவரை இழுத்து ஓடுவர். விசிறியின் பாதையிலிருந்து அவரை இழுத்தெடுக்கவும் அச்சங்கிலியே உதவிற்று.

இக்காலத்திலேயே கைமக்னெற்றோ என்னும் உபாயமும் கையாளப்பட்டது. சுவிச்சுகளை அணைத்து விசிறியைத் திருப்பி உருளைகளைக் கலவையால் நிரப்பிய பின்னர், எல்லோரும் விலகிவிடுவர். விமானி தம் ஆசனத்தருகே உள்ள சிறிய மக்னெற்றோவின் கைப்பிடியை வேகமாகச் சுழற்றுவார். தீப்பொறிகள் மழைபோலச் சொரியும். அவற்றை, உச்சியைத் தாண்டி நிற்கும் ஆடுதண்டுள்ள உருளைக்கே அனுப்பும் வண்ணம் பங்கீட்டுக் கருவியில் ஒரு தனி முனை இருந்தது. அங்கே வெடிப்பு நிகழ, நின்ற இயந்திரம் நின்றபடியே எழுந்துவிடும். விசிறியின் அருகில் ஒருவரும் இல்லை. ஆனால் உருளைகளில் நல்ல கலவை நின்றாலன்றி இவ்வித்தை பலிக்காது.

பெருவிசிறிகளுக்கு வழி கண்டவர் பென்ற்வீல்ட் ஹக்ஸ் என்னும் ஆங்கில விமானி. 1913ஆம் ஆண்டு பிரித்தானியருள் முதன்முதலாக ஆகாயத்திற் குட்டிக்கரணம் அடித்துக் காட்டியவர் இவரே. போர்க்காலத்தில் இவர் அமைத்த சாதனம் அவர் பெயராலேயே வழங்கிற்று. போர்ட் மோட்டார் நிறுவனத்தின் ‘ரி’ வகை வண்டியின் அடித்தளத்தில் ஒரு சட்டகம் நிறுத்தப்பட்டது. வண்டியின் இயந்திரத்திலிருந்து சங்கிலி ஒன்று மேலேறி, சட்டகத்தின் உச்சியில் முன்னோக்கி நீண்டிருந்த தண்டைச் சுழற்றிற்று. விமான விசிறியின் நடுக்குமிழில் ஒரு கொளுக்கி இருக்கும். வண்டி மெல்ல அருகே வந்து, தண்டின் முனையை அக்கொளுக்கியில் மாட்டும். சாரதி இணைப்பைக் கொடுக்க, வண்டியின் இயந்திரம் விமானத்தின் இயந்திரத்தைச் சுழற்றும். விமானத்தின் இயந்திரம் எழுந்து வேகம் கொண்டதும், கொளுக்கியின் சரிந்த பற்கள் தாமாகவே தண்டை வெளியே தள்ளிவிடும். வண்டி பின்வாங்கும். விமான நிலையம் ஒன்றில் இத்தகைய வண்டி ஒன்றிருந்தால், வரிசையாக நிற்கும் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பிவிடலாம். ஹக்ஸ் 1918 நவெம்பரில், போர் ஓய்வதற்குச் சில நாட்களே இருக்கையில், நோயினாற் காலமானார். அவருடைய வண்டியோ அதன் பின்னரும் பல ஆண்டுகள் பிரித்தானிய விமானப்படையிற் பணிசெய்தது. இரசியர் அதைப் பார்த்துத் தம் லொறிகளிலும் இத்தகைய சட்டகங்களை அமைத்துக்கொண்டனர்.

ஆயினும் வண்டி இல்லாத இடத்தில் இறங்கிய விமானம் என் செய்யும்? இவ்வினாவுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிடைத்த விடை பாரச்சில்லுத் தொடக்கி. பம்பரம் விட்டவர்களுக்கு இதன் தத்துவம் கைவந்ததே. கயிற்றை இழுத்த கை ஓய்ந்த பின்னும், கொடுத்த சக்தியைப் பம்பரம் தன் சுழற்சியிற் சேமித்து வைத்திருக்கின்றதன்றோ? விமானத்தின் பக்கத்தில் ஒரு துளையிற் கைப்பிடியைச் செருகி, வினைஞர் ஒருவரோ இருவரோ சுழற்றுவர். பற்சில்லுகளின் வரிசை ஒன்று அவர்களுடைய மெதுவான சுழற்சியைப் பெருக்கி, உள்ளே இருக்கும் சிறிய பாரச்சில்லை நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் ஓட வைக்கும். முதலில் உறுமல், பின்னர் முனகல், இறுதியிற் செவியைத் துளைக்கும் கீச்சொலி. ஓசையைக் கொண்டே போதிய வேகம் வந்துவிட்டதென வினைஞர் அறிவார். அவர் விலகியதும் விமானி ஒரு பிடியை இழுக்க, பாரச்சில்லு பற்சில்லுகளின் வழியாக இயந்திரத்தோடு இணையும். அரை நிமிடமாக மனிதக் கை சேர்த்துவைத்த சக்தி முழுவதும் சில கணங்களிற் செலவாகி, இயந்திரத்தைச் சில சுற்றுகள் சுழற்றும். அதற்குள் அது எழ வேண்டும். எழாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சுழலும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுமாகையால், பாரத்தைக் கூட்டாமல் வேகத்தைக் கூட்டியதே இதன் சாதுரியம். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஸ்மிற் 109 போர் விமானத்தை, சிறகின்மேல் ஏறி நின்ற வினைஞர் இவ்வாறே கைப்பிடி சுழற்றி எழுப்பினர். ஜப்பானியரின் ஸீரோ விமானங்களுக்கும் இம்முறையே இருந்தது.

ஸீரோ விமானங்களின் பேச்சு வந்தவுடன் இலங்கையர் நினைவுக்கு வருவது 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. முன்னாளே, கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானத்தில் லெனாட் பேர்ச்சல் என்னும் கனேடிய விமானி ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். தாக்குதல் வரும் என்பது தெரியும். எந்நேரத்தில் வரும் என்பதே தெரியாது. ஞாயிறு காலையில் 36 ஸீரோ விமானங்கள் காவலாக வர, தொண்ணூறுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் கொழும்பை நோக்கி வந்தன. கப்பல்களின் தளத்தில் அவற்றைப் பாரச்சில்லுகளின் கீச்சொலியோடு வினைஞர்கள் எழுப்பி அனுப்பியபோது, நேரம் அவர்கள் வசம் இருந்தது. இரத்மலானையிலோ நேரம் ஒருவர் வசமும் இருக்கவில்லை. தகுந்த முன்னறிவிப்பு வராமையால், 30ஆம் அணியின் ஹரிக்கேன் விமானிகள், எதிரி தலைக்குமேல் வந்த பின்னரே விமானங்களை நோக்கி ஓடினர்.

ஹரிக்கேனில் இருந்தது றோல்ஸ் றோய்ஸ் மேர்லின் இயந்திரம்: 12 உருளைகள், 27 இலீற்றர் கொள்ளளவு, ஆயிரத்திற்கும் மேற்பட்ட குதிரை வலு. அதைத் தொடக்குவது மின்சாரம். ஆயின் அம்மின்சாரம் பெரும்பாலும் விமானத்தினுடையதன்று. இரு சில்லுள்ள தள்ளுவண்டியில் ஏற்றப்பட்ட பற்றரிகளிலிருந்து தடித்த வடத்தின் வழியாக வந்தது. றைற் சகோதரரின் பெட்டியே சில்லுகள் பெற்று வந்ததென்று சொல்லலாம். விமானி கைப்பம்பியாற் பெற்றோலைச் செலுத்தி, தொடக்கிப் பொத்தானையும் தீப்பொறியை வலுப்படுத்தும் சுருளின் பொத்தானையும் ஒருங்கே அழுத்துவார். இயந்திரம் எழுந்ததும் வினைஞர் வடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். பற்றரி கைவிட்டால் கைப்பிடி செருகிச் சுழற்றவும் வழி இருந்தது. இயந்திரங்களை முன்கூட்டியே ஓடவிட்டுக் காத்திருந்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். நிலத்தில் நிற்கும் மேர்லினுக்குக் குளிர்ச்சி தரும் காற்றோட்டம் போதாது. வெப்பநாட்டில் விரைவிலேயே அதன் குளிர்நீர் கொதிக்கத் தொடங்கும். ஆதலால் விடியற்காலையில் ஒருமுறை சூடேற்றி நிறுத்திவைப்பதே வழக்கம். அவ்வாறு சூடேற்றிய வினைஞர்களின் வேலைக்கு எந்த வரலாற்று நூலிலும் போதிய இடம் தரப்படவில்லை. அன்று குண்டுகள் விழுந்துகொண்டிருக்கவே இரத்மலானையிலிருந்து விமானங்கள் மேலெழுந்தன என்றால், வடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவர்கள் நிலத்தில் எஞ்சி நின்றனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வண்டியும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம் என்று வந்தது தோட்டாத் தொடக்கி. இதை அமைத்த அமெரிக்கரின் பெயரால் இது கொவ்மன் தொடக்கி எனப்பட்டது. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவைப் போன்ற, ஆனால் அதனிலும் பருத்த, வெடிமருந்துக் குழல் ஒன்று வெடிக்க, அதன் வாயு ஓர் ஆடுதண்டைத் தள்ளுகின்றது. திருகுப் பள்ளங்களிற் செல்லும் அத்தண்டின் நேரோட்டம் சுழற்சியாக மாறி இயந்திரத்தைத் திருப்புகின்றது. இரண்டாம் வகை ஸ்பிற்பயர் விமானத்திலும், ரைபூன் என்னும் பெருவலு விமானத்திலும் இது பொருத்தப்பட்டிருந்தது. பிரித்தானிய விமானப்படையின் சிப்மங்க் பயிற்சி விமானத்தில் ஆறு தோட்டாக்கள் ஒரு சுழல் அறையில் அடுக்கப்பட்டிருக்கும். விமானி வளையம் ஒன்றை இழுத்தால் ஒன்று வெடிக்கும். 1951ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கை விமானப்படை முதன்முதற் பயன்படுத்திய பயிற்சி விமானமும் சிப்மங்கே.

இம்முறையின் அழகும் அச்சமும் ஒன்றே: தோட்டாக்கள் எண்ணிக்கையுள்ளவை. 1965ஆம் ஆண்டு வெளிவந்த ‘பீனிக்ஸின் பறப்பு’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அக்காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். பாலைவனத்தில் விழுந்த விமானத்தின் சிதைவிலிருந்து சிறு விமானம் ஒன்றைக் கட்டி எழுப்பியவர்களிடம் ஏழே தோட்டாக்கள் எஞ்சியிருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தும் இயந்திரம் எழவில்லை. அப்போது விமானி, மற்றவர்களின் கூக்குரலையும் பொருட்படுத்தாது, தீப்பொறிச் சுவிச்சை அணைத்துவிட்டு ஒரு தோட்டாவை வெடிக்கின்றார். வீணடிப்பதாகத் தோன்றும் அச்செயல், உருளைகளில் மிஞ்சிய கலவையை வெளியேற்றும் செயல். ரைகர் மொத்தின் விசிறியைப் பின்புறமாகத் திருப்பிய வினைஞர் செய்ததும் இதுவேயன்றோ?

இரசியர் வேறொரு வழி சென்றனர். ஏறத்தாழ 50 வளிமண்டல அமுக்கத்திற் காற்றை ஒரு கலத்தில் அடைத்து, அதை உருளைகளுக்கே நேராக, வெடிக்கும் ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, ஆடுதண்டுகளைத் தள்ளச் செய்தனர். யாக் 52 பயிற்சி விமானம் இன்றும் அவ்வாறே எழுகின்றது. பாரமான மோட்டரும் இல்லை, பற்றரியிற் தங்கியிருத்தலும் இல்லை. ஓடும் இயந்திரமே கலத்தை மீண்டும் நிரப்பிக்கொள்ளும். இரவிற் காற்று கசிந்துபோனால் மட்டும் காலையில் விமானி அயலவரிடம் காற்று இரவல் வாங்க வேண்டும். கடுங்குளிரில் எண்ணெய் மெழுகுபோல் உறைந்துவிடும் நாடுகளுக்கு இது பொருந்திற்று. அங்கே இரவில் இயந்திரத்தை நிறுத்துமுன் எண்ணெயிற் சிறிது பெற்றோலைக் கலந்து நீர்மையாக்கி வைப்பதும், காலையில் இயந்திரத்தைத் துணியால் மூடி அடியிற் கணப்பு வைப்பதும் வழக்கமாயிருந்தன. சூடேறியதும் கலந்த பெற்றோல் ஆவியாகிப் போய்விடும்.

வெப்பநாடுகளில் எண்ணெய் உறையாது, ஆனால் வடியும். வட்டமாக உருளைகள் அமைந்த இயந்திரங்களில், கீழ்நோக்கி நிற்கும் உருளைகளில் இரவு முழுவதும் எண்ணெய் சொட்டித் தேங்கும். காற்றை நெருக்கலாம், எண்ணெயை நெருக்க முடியாது. அதை அறியாமல் வலிய தொடக்கியால் திருப்பினால், எஃகுத் தண்டு வளைந்துவிடும். வளைந்தது அப்போது தெரியாது. பல மணி நேரம் பறந்த பின்னர் ஆகாயத்தில் முறியும். ஆகவே காலையில் முதலாவது பறப்புக்கு முன்னர், சுவிச்சுகள் அணைந்திருக்க, விசிறியைப் பல முறை கையாற் திருப்பிப் பார்த்தல் வேண்டும். தட்டுப்பட்டால் அடிப்பக்கத்துத் தீப்பொறி முளையைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட வேண்டும்.

எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10ஆம் திகதி தன் சேவையைத் தொடங்கி, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது பயன்படுத்திய டக்கோட்டா விமானங்களில் இருந்தவை இத்தகைய 14 உருளை வட்ட இயந்திரங்களே. டக்கோட்டாவில் பாரச்சில்லை மின்மோட்டரே சுழற்றிற்று. விமானி ஒரு சுவிச்சை அழுத்திச் சில்லின் ஓசை ஏறும்வரை காத்திருந்து, மற்றதை அழுத்தி இணைப்பார். விசிறி தயங்கித் தயங்கித் திரும்பும். ஓர் உருளை வெடிக்கும், பின்னர் மற்றொன்று, நீலப்புகை ஒரு திரளாக எழும், சிறிது நேரத்தில் பதினான்கும் ஒருமித்து ஓடும். சிறகின் அருகே தீயணைப்பானோடு ஒருவர் நிற்பார். மிகையாகச் செலுத்திய பெற்றோல் புகைபோக்கியிற் தீப்பற்றுவதுண்டு. அப்பொழுதும் தொடக்கியை விடாமற் சுழற்றி, தீயை இயந்திரத்தினுள்ளேயே இழுத்துக்கொள்ளச் செய்வதே முதற் பரிகாரம். அதுவும் பயன்படாதவிடத்தே தீயணைப்பானுக்கு வேலை.

இரத்மலானையில் இலங்கை விமானப்படையின் அருங்காட்சியகத்தில் ரைகர் மொத்தையும் டக்கோட்டாவையும் சிப்மங்கையும் இன்று அசையாத நிலையிற் காணலாம். அசைவதைக் காண விரும்புவோர் இங்கிலாந்தில் பெட்போர்ட்சயரில் உள்ள ஓல்ட் வோடன் என்னும் ஊருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள ஷற்றில்வேர்த் தொகுப்பில் 1909ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம் முதலாகப் பல பழைய விமானங்களை ஓடும் நிலையில் வைத்திருக்கின்றனர். ஹக்ஸின் தொடக்கி வண்டி ஒன்றும் அங்கே இன்னும் வேலை செய்கின்றது. காட்சி நாட்களில் அது புல்வெளியின் குறுக்கே மெல்ல நகர்ந்து வந்து, நூறாண்டு கடந்த தன் தண்டை விமானத்தின் விசிறிக்குமிழில் மாட்டுகின்றது. விமானியும் வினைஞரும் பழைய முறைப்படியே ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்கின்றனர். விசிறி சுழன்று புகை எழுந்ததும் வண்டி பின்வாங்குகின்றது. அது போதிய தூரம் விலகிய பின்னரே, சில்லுகளின் முன்னே வைத்த கட்டைகளை எடுக்கின்றனர்.